மின்பாதைத் தீயில் 4 ஏக்கர் காபி போனது: 6 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடலாமா, வழக்குக்குப் போகலாமா?

சரிவுத்தோட்டம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காடு மலையின் தெற்குச் சரிவில் உள்ள ஒரு குடும்பத் தோட்டம். மார்ச் இரண்டாம் வாரம் பிற்பகலில் தீப்பிடித்து 4 ஏக்கர் கருகிவிட்டது. தோட்டத்தின் கீழ்ப்புறமாக 11 கே.வி. (11,000 வோல்ட்) மின்பாதை போகிறது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு கம்பி அறுந்து சருகில் கிடந்ததை வேலையாட்கள் மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். மறுநாளே ஆட்கள் வந்து புதுக் கம்பி இழுத்துவிட்டார்கள். பழைய கம்பியில் ஒரு 3 அடித் துண்டு மட்டும் எங்கள் கையில் இருக்கிறது.

போனவை: அராபிகா சுமார் 4,800 செடி, சில்வர் ஓக் 380, அதில் 210 மரத்தில் மிளகுக்கொடி, தண்ணீர்க் குழாய்கள், மோட்டார் ரூம், இரண்டு லயன் வீடு (தொழிலாளர் குடியிருப்பு). அந்த வீடுகளில் இருந்த இரண்டு குடும்பத்துக்கும் உடுத்தின துணிதான் மிச்சம். 2 ஆடும் செத்தன. கடந்த 3 ஆண்டுச் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு 50 கிலோ மூட்டையில் 6 மூட்டை பார்ச்மென்ட் (பழத்தோல் நீக்கிக் காயவைத்த, உள் ஓட்டோடு கூடிய காபிக்கொட்டை).

பட்டா அப்பா, சித்தப்பா இருவர் பேரிலும் கூட்டாக இருக்கிறது. அப்பா காலமாகிவிட்டார். அம்மாவும் நாங்கள் இரண்டு பிள்ளைகளும்தான் வாரிசு.

ஏழு வாரம் கழித்து மின் நிறுவனத்திடமிருந்து கடிதம். தவறை ஒப்புக்கொள்ளாமல், 6 லட்சம் ரூபாயை ‘முழுமையான, இறுதியான தீர்வாக’ ஏற்றுக்கொண்டு 30 நாளில் கையெழுத்திட வேண்டுமாம். சித்தப்பா வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். நாங்கள் வழக்குப் போடலாம் என்கிறோம். எதை வைத்து முடிவு செய்வது? வழக்கு என்றால் என்ன செலவு, என்ன ஆதாரம் வேண்டும்?

கம்பிப்பாதை

பணத்தைப் பேசும் முன் அந்த 3 அடித் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். முழு விஷயமும் அதில்தான் நிற்கிறது.

11 கே.வி. பாதையில் பொதுவாக இருப்பது நடுவில் ஒரு எஃகு இழை, அதைச் சுற்றி 6 அலுமினிய இழை கொண்ட கம்பி. அறுந்த நுனியைக் கையால் தேய்க்காதீர்கள், துடைக்காதீர்கள், எண்ணெய் போடாதீர்கள். நுனியில் காகிதம் சுற்றி, ஒரு பி.வி.சி. குழாய்க்குள் போட்டு இரண்டு பக்கமும் மூடி, மேலே தேதியும் எடுத்த இடமும் எழுதி, பார்த்த இருவரின் கையெழுத்தையும் வாங்கி வையுங்கள். முடிந்தால் போலீஸ் மகஜரில் (இடத்தைப் பார்த்து எழுதும் பதிவு) அதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு ஜாக்கிரதை என்றால், எதிர்த்தரப்பு சொல்லப்போவது இதுதான்: ‘தீ வேறெங்கோ பிடித்தது, அந்தச் சூட்டில்தான் எங்கள் கம்பி அறுந்தது.’ இதை அந்த நுனி மறுக்கவோ ஆமோதிக்கவோ முடியும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். பலத்த காட்டுத்தீயிலும் அது வழிந்து தொங்கும். ஆகவே அலுமினியம் உருகியிருக்கிறது என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. எஃகு இழை உருக 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும். சருகுத் தீ அதைத் தராது. எஃகு இழையில் பள்ளம் விழுந்திருந்தாலோ, நுனி குண்டுமணி போல உருண்டிருந்தாலோ அது மின்பொறியின் வேலை. எஃகு கழுத்துப் பிடித்தாற்போல மெலிந்து அறுந்திருந்தால் இழுவையில் அறுந்தது. முறிவு முழுக்கத் துரு என்றால் பல காலமாக உள்ளுக்குள் இற்றுப்போயிருந்த கம்பி. இந்த மூன்றில் எது என்று உலோகவியல் தெரிந்த ஒருவர் உருப்பெருக்கியில் பார்த்தே எழுதித் தருவார்.

இரண்டாவது, துணை மின்நிலையத்தின் பதிவு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி இன்றைக்கே விண்ணப்பியுங்கள். பொத்தாம்பொதுவாக ‘தீ விபத்து விவரம்’ என்று கேட்டால் ஒரு வரியில் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: அந்த ஃபீடரின் (துணை மின்நிலையத்திலிருந்து வரும் பாதை) அன்றைய லாக் ஷீட் (பதிவேடு) நகல், பிரேக்கர் டிரிப் ஆன (மின்சாரம் தானாகத் துண்டான) நேரம், மறுபடி சார்ஜ் செய்த நேரம், ரிலே (பிழையை உணரும் கருவி) காட்டிய குறிப்பு எர்த் ஃபால்ட்டா (மண்ணுக்குக் கசிவு), ஓவர் கரன்டா (மிகை மின்னோட்டம்), தீக்கு முந்தைய 12 மாதத்தில் அந்தப் பாதையைச் சுற்றிப் பார்த்த பதிவு, மரக்கிளை வெட்டிய வேலை ஆணையும் பில்லும், மறுநாள் கம்பி மாற்றியதற்கு ஸ்டோரில் எடுத்த பொருள் கணக்கு. பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. ரிலேயின் உள்நினைவில் இருக்கும் பதிவுகளைப் புதியவை அழித்துக்கொண்டே வரும். அதனால் ‘இந்தப் பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கவும்’ என்று தனியாக ஒரு கடிதமும் போடுங்கள். பதிவுத் தபால் 2025-ல் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. விரைவுத் தபாலிலேயே ஒப்புகையோடு அனுப்பி ரசீதை ஒட்டி வையுங்கள்.

லாக் ஷீட்டில் டிரிப்பே இல்லை என்று வந்தால் பயந்துவிடாதீர்கள். காய்ந்த, பாறை மண்ணில் விழுந்த கம்பி வழியாக மண்ணுக்குப் போகும் மின்னோட்டம் மிகக் குறைவு. ரிலே அதைப் பிழையாகவே உணராமல் விட்டுவிடும், கம்பி உயிரோடு கிடந்து பொறி விட்டுக்கொண்டிருக்கும். கோடையில் மலைச்சரிவில் இது நடக்கக்கூடியதே. டிரிப் இருந்தால், அந்த நேரத்தையும் தீயணைப்பு நிலையத்துக்கு முதல் அழைப்பு போன நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிரிப் முன்னால், அழைப்பு பின்னால் என்று இருந்தால் அது உங்கள் பக்கம் பெரிய பலம்.

மூன்றாவது, தரை. தீ பெரும்பாலும் மேடு நோக்கித்தான் ஓடும். பாறையின் எந்தப் பக்கம் கரி படிந்திருக்கிறதோ அந்தப் பக்கமிருந்து தீ வந்திருக்கிறது.  கம்பி விழுந்த இடத்திலிருந்து தொடங்கி 10 மீட்டருக்கு ஒரு முறை, நாலு திசையும் தெரிய, இடக்குறிப்போடு படம் எடுங்கள். ஜூன் மழை வந்தால் இந்தக் கரித்தடங்கள் கழுவிப் போய்விடும். கம்பியின் உயரத்தையும் அளந்து வையுங்கள். தெருவை ஒட்டாத இடத்தில் 11 கே.வி. வெறுங்கம்பிக்குத் தரையிலிருந்து குறைந்தது 4.6 மீட்டர் வேண்டும். மாற்றிய ஸ்பானை (இரு கம்பங்களுக்கு இடைப்பட்ட கம்பி) விட்டுவிட்டு, மாற்றாத பக்கத்து ஸ்பான்களை அளவுகோல் கம்பால் தொட்டு அளக்காமல், தூரத்திலிருந்து லேசர் அளவியால் பாருங்கள். உயிர்க்கம்பி, விளையாட்டில்லை.

2 ஆடு செத்தது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது முக்கியம். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 161-ன்படி மின்பாதை தொடர்பான விபத்தில் மனிதருக்கோ விலங்குக்கோ உயிர்ச்சேதமோ காயமோ நேர்ந்தால் பாதையின் உரிமையாளர் மின் ஆய்வாளருக்கு அறிவித்தே ஆக வேண்டும். செடி மட்டும் எரிந்திருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. அறிவித்தார்களா என்று கேளுங்கள். சேலத்தில் உள்ள மின் ஆய்வாளருக்கு நீங்களும் எழுதி விசாரணை கேளுங்கள். அவர் நிறுவனத்தின் ஆள் இல்லை, அரசு அதிகாரி. அவர் அறிக்கைக்கு கோர்ட்டில் தனி மதிப்பு.

பார்ச்மென்ட்

6 லட்சம் அதிகமா குறைவா என்பதற்கு முதலில் உங்கள் இழப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டும். கடிதத்தில் செடிக்கு இவ்வளவு என்று கணக்கு காட்டியிருக்கிறார்களா? இல்லை என்றால் அதை எழுத்தில் கேளுங்கள்.

செடி எல்லாமே செத்துவிட்டது என்று எழுதாதீர்கள். கோர்ட்டில் அது நிற்காது. தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் அந்தச் செடியைக் கட்டை வெட்டி (அடித்தண்டை மட்டும் விட்டு மேலே வெட்டி) விட்டால் துளிர்க்கும். பழுப்பாகி, காகிதம் போல உரிந்தால் போய்விட்டது. வரிசை வரிசையாக எண்ணி, செத்ததற்குச் சிவப்பு, பிழைக்கக்கூடியதற்கு மஞ்சள் என்று பெயின்ட் பொட்டு வைத்துப் படம் எடுங்கள். காபி வாரியத்தின் ஏற்காடு அலுவலகத்திலும், தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலும் எழுதிக் கொடுத்து நேரில் வந்து பார்த்து அறிக்கை தரக் கேளுங்கள். அரசு அலுவலர் எண்ணிக் கொடுத்த எண்ணிக்கைக்கும் நாம் எண்ணியதற்கும் எடை வேறு.

ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். விலை ஏறி இறங்குகிறது. கியூரிங் (காபிக்கொட்டையைப் பதப்படுத்தும் ஆலை) ரசீதுகளின் 3 ஆண்டுச் சராசரியைத்தான் நீங்கள் எடுக்க வேண்டும். இங்கே மூட்டைக்கு 18,000 என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 6 மூட்டை, 1,08,000. எடுப்புக்கூலி, உரம், கவாத்து எல்லாம் பாதி என்று கழித்தால் ஏக்கருக்கு நிகரம் 54,000. இந்தச் செலவைக் கழிக்காமல் மொத்த விலையைக் கேட்பதுதான் பலரும் செய்கிற தவறு. எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியிலேயே உடைத்துவிடுவார்.

2.5 ஏக்கர் செத்தது, 1.5 ஏக்கர் கட்டை வெட்டினால் பிழைக்கும் என்று கொள்வோம். புதிதாக நட்டால் முதல் 3 ஆண்டு ஒன்றும் இல்லை, 4-ம் ஆண்டு கால்வாசி, 5-ல் பாதி, 6-ல் முக்கால். இழப்பு மொத்தம் நாலரை ஆண்டு விளைச்சல். 2.5 ஏக்கருக்கு 6,07,500. கட்டை வெட்டியதில் 2 ஆண்டு ஒன்றும் இல்லை, 3-ம் ஆண்டு பாதி. இரண்டரை ஆண்டு, 1.5 ஏக்கருக்கு 2,02,500. ஆக விளைச்சல் இழப்பு மட்டும் 8,10,000. அதன் மேல் மறுநடவு. 3,000 செடி, ஒன்றரை அடிக் குழி, நாற்று, நடவுக்கூலி, முதல் ஆண்டுப் பராமரிப்பு சேர்த்துச் செடிக்கு 80 என்றால் 2,40,000. இதுவரை 10,50,000. மிளகும் மரமும் வீடும் இன்னும் வரவில்லை.

இன்னொன்று. செடியின் மதிப்பு என்று ஒரு தொகையும், அதே செடியின் விளைச்சல் இழப்பு என்று இன்னொரு தொகையும் கேட்காதீர்கள். ஒரே இழப்பை இரண்டு தடவை கேட்பதாகிவிடும். மறுநடவுச் செலவும், அது காய்க்கும் வரை போகும் வருமானமும் என்று கேட்பதே சரி.

இந்த 7 வாரத்தில் யாருக்கும் தெரியாத இழப்பு ஒன்று உண்டு. நிழல் போன அராபிகாவை வெள்ளைத் தண்டு துளைப்பான் தேடி வரும். வண்டு பறக்கும் காலம் ஏப்ரல்-மேயும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையும். தண்டின் வெயில்படும் பட்டையில் முட்டை வைக்கும். புழு உள்ளே குடைந்து, செடி மஞ்சளித்து வாடும்போதுதான் வெளியே தெரியும். தீ தொடாத, ஆனால் நிழல்மரம் கருகிய ஓரச் செடிகளை அடுத்த ஆண்டு இதுவே கொண்டுபோகும். இன்றைக்குக் கொடுக்கும் 6 லட்சத்தில் அந்தச் செடி கணக்கில் இல்லை. ‘இறுதியான தீர்வு’ என்று கையெழுத்துப் போட்ட பிறகு அதைப் பற்றி வாயே திறக்க முடியாது. அந்த எல்லையில் உள்ள செடிகளையும் எண்ணி, தனிப் பட்டியலாக வையுங்கள்.

சில்வர் ஓக்குக்கு ஒவ்வொன்றிலும் நெஞ்சுயரச் சுற்றளவு எடுத்து எண் போடுங்கள். கருகிய மரத்தை விற்றால் வரும் பணம் இழப்பில் கழியும், ரசீதை ஒளிக்காதீர்கள். வெட்டும் முன் வனத்துறையில் எழுதிக் கேளுங்கள். மலைப்பகுதிகளுக்கென 1955-ம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் மிகவும் தள்ளிப்போடவும் வேண்டாம், வேர் கருகிய மரம் தென்மேற்குக் காற்றில் துளிர்க்கும் செடி மேலேயே விழும்.

சரிவுத்தோட்டம்

மிக்க நன்றிங்க. கடிதத்தில் கணக்கு ஏதும் இல்லை, ஒரே தொகைதான். ஆடுகளுக்குக் கால்நடை மருத்துவர் சான்று இருக்கிறது. போலீஸில் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) மட்டும் போட்டிருக்கிறார்கள். எஃகு இழையின் நுனி உருண்டையாகத்தான் தெரிகிறது, படம் எடுத்து வைத்திருக்கிறோம். சித்தப்பா மட்டும் கையெழுத்துப் போட்டால் எங்கள் உரிமையும் போய்விடுமா?

வழக்குக்கட்டு

சித்தப்பா கையெழுத்து அவர் பங்கைத்தான் கட்டும். உங்கள் அப்பாவின் பங்குக்கு அம்மாவும் நீங்கள் இருவரும் கையெழுத்திடாமல் அந்த உரிமை தீராது. ஆனால் முழுத் தொகையையும் அவர் கணக்கில் போட்டுவிட்டு ‘எல்லோருக்கும் சேர்த்துக் கொடுத்தோம்’ என்று சொல்லிவிட்டால் பிறகு வீட்டுக்குள்ளேயே வழக்காகிவிடும். வாரிசுச் சான்று, பட்டா, சிட்டா, அடங்கல் நகலோடு மூவரும் இந்த வாரமே நிறுவனத்துக்கு எழுதுங்கள்: இன்னின்னார் கூட்டு உரிமையாளர்கள், அனைவரின் கையெழுத்தும் இல்லாமல் எந்தத் தீர்வும் எங்களைக் கட்டாது என்று.

அடுத்து, காலக்கெடு. இதில்தான் நல்ல வழக்குகள் செத்துப்போகின்றன. நஷ்டஈட்டு வழக்குக்கு 3 ஆண்டு இருக்கிறது என்று பலரும் சொல்வார்கள். கால வரையறைச் சட்டத்தின் பொதுவான 113-ம் இனத்தின்படி அது சரி. ஆனால் அதே சட்டத்தின் 72-ம் இனம், ஒரு சட்டத்தின்படி செய்ததாகவோ செய்யத் தவறியதாகவோ சொல்லப்படும் செயலுக்கு 1 ஆண்டுதான் என்கிறது. எதிர்த்தரப்பு 72-ஐத்தான் பிடித்துக்கொள்ளும். எது பொருந்தும் என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம், தீப்பிடித்த தேதியிலிருந்து ஒரு ஆண்டுக்குள் வழக்கு எண் விழுந்துவிட வேண்டும். ‘பேச்சுவார்த்தை நடக்கிறது’ என்பதால் காலம் நிற்காது. அரசையும் ஒரு தரப்பாகச் சேர்ப்பதானால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 80-ன்படி 2 மாத நோட்டீஸ் வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பொறுப்பு யாருடையது என்பதில் உங்களுக்குச் சாதகமான தீர்ப்பு உண்டு. 2002-ல் மத்தியப் பிரதேச மின் வாரியத்துக்கும் ஷைல் குமாரிக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், உயிர்க்கம்பியால் வந்த சேதத்துக்கு நிறுவனத்தின் கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையே இல்லை, ஆபத்தான பொருளைக் கையாள்பவர் பொறுப்பு ஏற்க வேண்டும் என்றது. அது உயிரிழப்பு வழக்கு. கொள்கை உங்களுக்கும் உதவும். ஆனால் தீ அந்தக் கம்பியிலிருந்துதான் வந்தது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். கவனக்குறைவு வேறு, காரணம் வேறு. கம்பிப்பாதை சார் சொன்ன எஃகு நுனி இதற்குத்தான்.

உயர் நீதிமன்றத்தில் ரிட் (அரசு அமைப்புக்கு எதிரான நேரடி மனு) போட்டு சீக்கிரம் வாங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். உண்மைகளில் சர்ச்சை இருந்தால் ரிட் வழி இல்லை என்று 1999-ல் சுகமணி தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீ எங்கிருந்து வந்தது என்பதே சர்ச்சையாக இருக்கும் உங்கள் விஷயத்தில் ரிட்டுக்குப் போனால் ஒரு ஆண்டு போய், சிவில் கோர்ட்டுக்குப் போ என்ற உத்தரவுதான் கையில் வரும்.

வழக்குத் தாக்கல் செய்யும் அன்றே வழக்கறிஞர் ஆணையர் நியமிக்க மனுப் போடுங்கள். அவர் நேரில் வந்து, காபி தெரிந்த நிபுணரோடு செடியை எண்ணி, அறிக்கையும் வரைபடமும் தருவார். மறுநடவுக்கு முன் இது முடிய வேண்டும். நட்ட பிறகு எரிந்த தோட்டத்தை யாருக்கும் காட்ட முடியாது.

ஃபோனில் எடுத்த படங்களுக்கு, பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63-ன்படி சான்று வேண்டும். இரண்டு பகுதி: ஒன்று ஃபோன் வைத்திருப்பவர், மற்றது நிபுணர் கையெழுத்திடுவது. ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் அடையாளக் குறியீடு) எழுத வேண்டும். அதனால் மூலக் கோப்பை அப்படியே வையுங்கள். வாட்ஸ்அப்பில் போய் வந்த படம் சுருங்கி வேறு கோப்பாகிவிடும், ஃபோனை மாற்றினால் பழையதை விற்றுவிடாதீர்கள்.

செலவு: தமிழ்நாட்டில் 2017-க்குப் பிறகு நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். மிளகு, மரம், வீடு எல்லாம் சேர்த்து 15 லட்சம் கேட்பதாக வைத்தால் 45,000. பாதியில் சமாதானமானால் இது திரும்பக் கிடைக்கும். கோர்ட்டுக்கு வெளியே பேசி முடித்தாலும் உண்டு என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உங்கள் அம்மா தன் பங்குக்கு இலவசச் சட்ட உதவி கேட்கலாம். சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் பிரிவு 12-ல் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு கிடையாது.

நிழல்மரம்

இன்சூரன்ஸ் இருந்தால் கையெழுத்துக்கு முன் அவர்களுக்கு எழுதுங்கள். அவர்கள் பணம் கொடுத்தால், மின் நிறுவனத்திடம் வசூலிக்கும் உங்கள் உரிமை அந்த அளவுக்கு அவர்களுக்கு மாறும். நீங்கள் அதற்குள் எல்லா உரிமையையும் விட்டுக்கொடுத்துவிட்டால் உங்கள் கிளைமையே மறுப்பார்கள். பழைய தீ பாலிசிகளில் காட்டுத்தீ தனியாகச் சேர்க்க வேண்டிய ஒன்று. பாலிசியை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

தீயின் பரப்புக்குச் செயற்கைக்கோள் படம் இலவசம். சென்டினல்-2 படம் 10 மீட்டர் துல்லியத்தில் 5 நாளுக்கு ஒரு முறை வரும். தீக்கு முன்னும் பின்னும் ஒன்று எடுத்து அளவைப் படத்தோடு பொருத்தினால் 4 ஏக்கரா, மூணேகாலா என்ற தகராறு அங்கேயே முடியும்.

இதே குழப்பம் கலிபோர்னியாவிலும் நடக்கிறது. 2018 நவம்பர் 8-ல் பாரடைஸ் ஊரை எரித்து 85 பேரைக் கொன்ற தீ, ஒரு பழைய மின்கோபுரத்தில் தேய்ந்துபோன இரும்புக் கொக்கி ஒன்று முறிந்ததால் வந்தது. அந்தக் கொக்கி முக்கியமான சாட்சியானது. ஆனால் பல தீக்களுக்குச் சேர்த்து ஒப்புக்கொண்ட 1,350 கோடி டாலரில் பாதி அந்த நிறுவனத்தின் பங்குகளாகக் கொடுக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் பங்கு விலை ஏறுமா என்று பார்த்துத் தவணை தவணையாக வாங்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் ஆல்டடீனாவை எரித்த ஈட்டன் தீக்குப் பிறகு எடிசன் நிறுவனம் நேரடி இழப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தது, அதை ஏற்றால் வழக்கு உரிமை போய்விடும். உங்கள் கடிதத்திலும் பணம் ஒரே தடவையா, தவணையா, எத்தனை நாளில் என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போட்டபின் காத்திருப்பதும் நீங்கள்தான்.

பார்ச்மென்ட்

வழக்குக்கட்டு சார் சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஒரு விஷயத்தில் சித்தப்பா பக்கமும் நியாயம் இருக்கிறது. ஜூன்-ஜூலை நடவை விட்டால் ஒரு முழு ஆண்டு போகிறது. 2.5 ஏக்கருக்கு அது 1,35,000 ரூபாய். கையில் இருக்கும் பணத்துக்கு அந்த மதிப்பு உண்டு. காசு இல்லாமல் நிலம் வெறுமனே கிடந்தால் உண்ணிச்செடி ஏறிவிடும், மேல்மண் மழையில் கீழே போய்விடும். வழக்கோ சமாதானமோ, செடி எண்ணி முடித்த அடுத்த நாள் கல்யாண முருங்கைக் கொம்பு ஊன்ற ஆரம்பியுங்கள். நிழல் இல்லாமல் நட்ட அராபிகா நிற்காது.

சரிவுத்தோட்டம்

அதுதான் எங்கள் குழப்பமும். 15 லட்சம் கேட்டுப் பல ஆண்டு காத்திருப்பதா, 6 லட்சத்தை இப்போதே வாங்குவதா?

வழக்குக்கட்டு

எண் போட்டுப் பாருங்கள். 15 லட்சம் கேட்கிறீர்கள். கோர்ட் கேட்டதை அப்படியே தராது, 9 லட்சம் தீர்ப்பாகிறது என்று வைப்போம். 6 ஆண்டு ஆகிறது, ஆண்டுக்கு 6 சதவீத வட்டி என்றால் 3,24,000. மொத்தம் 12,24,000. செலவு: கட்டணம் 45,000, வக்கீல் 1,50,000, நிபுணரும் ஆணையரும் 50,000, ஆக 2,45,000. வென்றால் கையில் 9,79,000.

இப்போது வெல்லும் வாய்ப்பைச் சேருங்கள். பாதிக்குப் பாதி என்றால் 12,24,000-ல் பாதி 6,12,000, செலவு போக 3,67,000. 6 லட்சத்தை விட மிகக் குறைவு, கடிதத்தை ஏற்பதே புத்தி. பத்தில் எட்டு என்றால் செலவு போக 7,34,000, வழக்கு மேல். பத்தில் ஏழு கிட்டத்தட்ட சமம். மேல்முறையீடு வந்தால் இன்னும் சில ஆண்டு கூடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் அந்த எஃகு நுனியிலும் லாக் ஷீட்டிலும் இருக்கிறது. நுனி மின்பொறி என்று நிபுணர் எழுதி, நேரமும் பொருந்தினால் 6 லட்சம் குறைவு. நுனி தெளிவில்லை, பதிவும் பொருந்தவில்லை என்றால் பேசி ஒன்றிரண்டு லட்சம் கூட்டி வாங்கிக்கொள்வதே நல்லது. அதில் தோல்வி ஒன்றும் இல்லை.

இரண்டுக்கும் நடுவே வழி உண்டு. 30 நாள் என்பது அவர்கள் போட்ட நாள், சட்டம் போட்டது அல்ல. மறுக்காமல், ‘செடி எண்ணிக்கை அறிக்கை வந்ததும் பதில் தருகிறோம், அதுவரை கால நீட்டிப்புத் தருக’ என்று எழுதுங்கள். அறிக்கை வந்ததும் பார்ச்மென்ட் சார் கணக்கை இணைத்து எதிர்த் தொகை கேளுங்கள். அது நடக்காவிட்டால் சேலம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகப் போடலாம். கட்டணம் இல்லை. மின் விநியோகம் பொதுப் பயன்பாட்டுச் சேவை என்பதால் நிரந்தர மக்கள் நீதிமன்றத்துக்கும் 1 கோடி ரூபாய் வரை அதிகாரம் உண்டு. அங்கே சமாதானம் ஆகாவிட்டால் அவர்களே தீர்ப்பும் சொல்லலாம். ஆனால் மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. அந்தக் காகிதத்தில் கையெழுத்திடுவதும் கடிதத்தில் கையெழுத்திடுவதைப் போலவே இறுதியானது.

லயன் வீட்டுக் குடும்பங்களை மறக்காதீர்கள். அவர்கள் இழப்பு அவர்களுடையது, தோட்டக்காரர் கையெழுத்தில் அது அடங்காது, அடங்கவும் கூடாது. ‘தோட்டத்தில் இருந்தவர்கள் அனைவரின் கோரிக்கையும்’ என்று கடிதத்தில் ஒரு வரி இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். பாத்திரம், துணி, டி.வி., நகை, பள்ளிச் சான்றிதழ் என்று ஆளுக்கொரு பட்டியல் எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மலையாளி பழங்குடிக் குடும்பம் என்றால் அவர்களுக்கும் இலவச வக்கீல் உண்டு. எரிந்துபோன ரேஷன் கார்டு, ஆதார் நகலை முதலில் எடுத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் மனுவே வாங்க மாட்டார்கள்.

கம்பிப்பாதை

அவர்கள் ஒரு பகுதியை முன்பணமாகத் தர ஒப்புக்கொண்டால் ரசீதில் என்ன எழுத வேண்டும் என்று வழக்குக்கட்டு சார் சொன்னால் உதவியாக இருக்கும். அந்த ஒரு வரியில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

வழக்குக்கட்டு

இப்படி எழுதலாம்: ‘மேற்படி தீயில் ஏற்பட்ட இழப்பில், மறுநடவுச் செலவுக்கான ஒரு பகுதியாக மட்டும் ரூபாய் இவ்வளவு பெற்றுக்கொண்டோம். மீதி இழப்பு தொடர்பான எங்கள் உரிமைகள் எதற்கும் இது பங்கம் ஆகாது. பின்னர் எந்தத் தொகை தீர்மானிக்கப்பட்டாலும் அதில் இதைக் கழித்துக்கொள்ளலாம்.’ நால்வரும் முழுக் கையெழுத்து, தேதியோடு. கடைசி வாக்கியம் அவர்களுக்கும் சாதகம் என்பதால் ஒப்புக்கொள்ள வாய்ப்பு உண்டு.

அச்சடித்த படிவத்தில் ‘இறுதித் தீர்வு’ என்று இருந்தால் அதன் ஓரத்தில் ‘எதிர்ப்புடன்’ என்று எழுதிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். நிர்ப்பந்தத்தில் கையெழுத்திட்டது என்று பிறகு சொல்ல முடியும், 2008-ல் போகாரா பாலிஃபேப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாசலைத் திறந்து வைத்தது. ஆனால் அந்த நிர்ப்பந்தத்தை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். படிவத்தை மாற்ற மாட்டோம் என்றால் அன்று கையெழுத்துப் போடாமல் எழுந்து வாருங்கள். மாற்ற மறுத்தார்கள் என்று அன்று மாலையே அவர்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள்.